எதிரிக்கும் சேர வேண்டிய தாள்

கோவையில் குற்றவியல் சட்டம் கற்பிக்கும் நான், ஆண்டுதோறும் மாணவர்களிடம் முதலில் எடுத்து வைப்பது சிவகுமார் எதிர் ஹுகம் சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999இல் அளித்த தீர்ப்பைத்தான். எப்பாடுபட்டேனும் தண்டனை வாங்கித் தருவது அரசு வழக்கறிஞரின் வேலையன்று. எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, நியாயமாகச் சேர வேண்டிய பலன் ஏதேனும் இருந்தால், அதை மறைக்காமல் நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டியவர் அவர்.

காவல்துறை கைப்பற்றியும் குற்றப்பத்திரிகையில் ஆதாரமாகக் காட்டாத வாக்குமூலங்கள், ஆவணங்கள், சான்றுப் பொருட்களின் பட்டியலும் எதிரிக்குத் தரப்பட வேண்டும் என்று 2021இல் அதே நீதிமன்றம் கூறியது. பல்லடத்து விசைத்தறிக் கூடத்தில் கூலிக்கு நெய்பவருக்கு அப்படியொரு பட்டியல் உண்டென்பதே தெரியாது. கேட்டு வாங்கித் தர அனுபவமுள்ள வக்கீலை அமர்த்த வசதியும் இராது. அந்தத் தாளை அவர் கையில் சேர்ப்பிக்கும் பொறுப்பு அரசு வழக்கறிஞருடையது என்பதே என் உறுதியான கருத்து. குற்றச்சாட்டு வனையும் முன் நீதிபதியும் அதைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.