ஆடு சினை நிக்கலையா? இமையைப் பாருங்க

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக்கு அடியில மேயுற பெட்டை ஆடு பருவத்துக்கு வரலைன்னா, உடனே கிடாயைக் குறை சொல்லாதீங்க. முதல்ல ஆட்டோட கீழ் இமையை விரலால இறக்கிப் பாருங்க. உள்பக்கம் சிவப்பா இருந்தா சரி. வெளிறிப் போயிருந்தா பெரும்பாலும் ஹீமோன்கஸ் புழுதான். நாலாவது இரைப்பையில ஒட்டிக்கிட்டு, ஒரு புழு நாளைக்கு சுமார் 0.05 மில்லி ரத்தம் குடிக்கும். 500 புழுன்னா 25 மில்லி. ரத்தமும் புரதமும் குறைஞ்சு இளைச்ச ஆட்டுக்குக் கரு தங்காது. கழிச்சல் பெரும்பாலும் இருக்காது, அதுலதான் பலர் ஏமாறுறாங்க.

மாசாமாசம் எல்லாத்துக்கும் மருந்து ஊத்தினா புழு பழகிடும். வெளிறினதுக்கு மட்டும், எடை போட்டுக் கொடுங்க. அல்பெண்டசோல்ங்கிற புழு மருந்து சினையான முதல் மாசம் வேண்டவே வேண்டாம், குட்டி ஊனமாகலாம். பனி காயுற வரைக்கும் கொட்டகையைத் திறக்காதீங்க. ஈரப் புல்லுலதான் குட்டிப்புழு ஏறி நிக்கும்.