கழற்றிய ஸ்க்ரூ

காலையில் கொட்டகைக் கூரையில் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினேன். புதுசு மாதிரி பளபளப்பு.

தகரத்தில்தான் ஓட்டை.

ஸ்க்ரூ தலை இருந்த இடத்தைச் சுற்றி வட்டமாக வெள்ளைப் பொடி. விரலால் தேய்த்தால் மாவு போல வந்தது. அதற்கு உள்ளே செந்துரு.

"ஸ்டெயின்லெஸ்னா துருவே பிடிக்காது" என்று பெருமையாக அதைப் போட்டவன் நான்தான். சொன்னபடியே அது துருப்பிடிக்கவில்லை. பக்கத்தில் இருந்ததைத் தின்றுவிட்டது.

ஜி.ஐ. தகரத்தின் மேல்பூச்சு துத்தநாகம். ஈரம் பட்டால் அதுவும் ஸ்டெயின்லெஸும் சேர்ந்து குட்டி பேட்டரி ஆகிவிடும். கரைவது துத்தநாகம். அந்தத் தகரத்துக்கு, துத்தநாகம் கனமாகப் பூசிய ஸ்க்ரூதான் சரி. ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவை ஸ்டெயின்லெஸ் தகரத்துக்கோ செம்புத் தகடுக்கோ வைத்துக்கொள்ளலாம்.

நான் உறுதியைப் பார்த்தேன், ஜோடிப் பொருத்தம் பார்க்கவில்லை.

ஸ்டெயின்லெஸிலும் ஒரே ஜாதி இல்லை. 304 என்ற ரகம் கொஞ்சம் மென்மை; கடின மரத்தில் முதலில் துளை போடாமல் முறுக்கினால் தலை தனியாகக் கையோடு வரும் (வந்தது). 410 கெட்டி, காந்தம் ஒட்டும், ஆனால் சீக்கிரம் துரு ஏறும். கடல் காற்றுக்கு 316. உப்பைத் தாங்குவதற்காக அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் இருக்கிறது.

தகரத்தில் போடும் துளை மட்டும் ஸ்க்ரூவைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும், வெயிலில் தகரம் விரியும். மேலே ரப்பர் வாஷர்.

இன்னும் 36 ஸ்க்ரூ பாக்கி. ஏணியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.