‘நான் எப்படிப் பண்றேன்?’ என்று கேட்காதீர்கள்

சாஃப்ட்வேர் கம்பெனிகளில் அப்ரைசல் (வேலை மதிப்பீடு) நெருங்கும்போதுதான் பலருக்கும் ஃபீட்பேக் ஞாபகமே வரும். மேனேஜரிடம் போய் "சார், நான் எப்படிப் பண்றேன்?" என்பார்கள், அவரும் "நல்லாத்தான் பண்ற, கம்யூனிகேஷன் மட்டும் கொஞ்சம் பாத்துக்கோ" என்பார். சரி, இதை வைத்துக்கொண்டு நாளைக் காலையில் எதை மாற்றிச் செய்வது? அவர்மேல் குற்றமில்லை. ஒருவரை முகத்துக்கு நேரே எடைபோடச் சொன்னால் யாராக இருந்தாலும் நழுவத்தான் பார்ப்பார்கள்.

எங்கள் டீமில் ஒரு ஜூனியர் பெண் கேட்ட விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. இரவில் தானாக ஓடும் ஜாப் (புரோகிராம்) நடுவில் நின்றுபோனால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு டாக்குமென்ட் எழுதிக்கொண்டிருந்தார், பாதிதான் முடிந்திருந்தது. அதை சிஸ்டத்தை வடிவமைக்கும் ஆர்க்கிடெக்ட்டிடம் காட்டாமல், நைட் ஷிஃப்ட் பார்க்கும் சப்போர்ட் ஆளிடம் கொண்டுபோனார். "அண்ணா, ராத்திரி ரெண்டு மணிக்கு இது நின்னுடுச்சுன்னு வைங்க, இந்தப் பக்கத்தை மட்டும் வெச்சு ஓட்டிடுவீங்களா? எந்த வரி வந்ததும் எனக்கு போன் போடுவீங்க?" அவர் விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார். "ரீஸ்டார்ட் பண்ணுன்னு போட்டிருக்க. பாதி ரெக்கார்டு ஏற்கெனவே போயிருந்தா டபுளா ஏறிடாதா?" அந்தப் பெண் விளக்கம் எதுவும் சொல்லவில்லை, எழுதிக்கொண்டு "வேற எங்கண்ணா?" என்று மட்டும் கேட்டார். அதற்கப்புறம்தான் அந்த சப்போர்ட் ஆள் மனம்விட்டுப் பேசவே ஆரம்பித்தார், லாக் (ஜாப் ஓடியதன் பதிவு) எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்றே எழுதவில்லை என்பது உட்பட.

குளூகர், டினிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 1996இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஃபீட்பேக் கொடுத்தவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வேலை முன்பைவிட மோசமாகியிருந்தது. கவனம் செய்கிற வேலையை விட்டு ‘நான் எப்படிப்பட்டவன்’ என்பதன் பக்கம் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். அதனால்தான் உங்களைப் பற்றிக் கேட்காமல் வேலையைப் பற்றிக் கேளுங்கள் என்கிறேன், அதுவும் இன்னும் மாற்ற முடிகிற நிலையில் இருக்கும்போதே.

சீனியர்களுக்கு இது இன்னும் கஷ்டம். மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் "எதாவது சொல்லணுமா?" என்றால் யாரும் வாயே திறக்க மாட்டார்கள். ரிலீஸ் முடிந்த மறுநாள் டீ குடிக்கும்போது, "நான் செஞ்சதுல உன் வேலையை எது இழுத்தடிச்சது?" என்று தனியாகக் கேட்டுப் பாருங்கள், வரும். வந்ததில் ஒன்றையாவது சீக்கிரமே மாற்றிவிட்டு, நீ சொன்னதால்தான் மாற்றினேன் என்று அவர்களிடமே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை "ஒண்ணுமில்ல சார், எல்லாம் ஓகே" என்றுதான் பதில் வரும்.