‘தி சிட்டி ஆஃப் தி டெட்’ பார்த்தேன், அப்புறம் மூடுபனி செய்து பார்த்தேன்

பழைய கறுப்பு வெள்ளை திகில் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன். இந்த வாரம் முழுக்க ஒரே படம்தான், 1960இல் வந்த ‘தி சிட்டி ஆஃப் தி டெட்’. இரண்டு தடவை பார்த்தும் அதில் வரும் மூடுபனி மண்டையை விட்டுப் போகவில்லை, கடைசியில் வீட்டிலேயே அதைச் செய்துபார்க்க உட்கார்ந்துவிட்டேன்.

முதல் இரவு கிடைத்தது, அமெரிக்காவில் ‘ஹாரர் ஹோட்டல்’ என்று பெயர் மாற்றி வெளியிட்ட பிரதி. படம் ஒரே கலங்கல், இருட்டுக் காட்சிகளில் முகம்கூடத் தெரியவில்லை. நேன் பார்லோ என்ற கல்லூரி மாணவி, சூனியக்காரிகளைப் பற்றி ஆய்வு செய்வதற்காக, பேராசிரியர் டிரிஸ்கோல் (கிறிஸ்டோபர் லீ) சொன்னதை நம்பி மாசசூசெட்ஸில் வைட்வுட் என்ற ஊருக்குத் தனியாகக் காரோட்டிப் போகிறாள். 1692இல் எலிசபெத் செல்வின் என்ற பெண்ணைக் கம்பத்தில் கட்டி எரித்த ஊர் அது. அந்த எலிசபெத் இன்னமும் அங்கேதான் இருக்கிறாள், அவளைச் சுற்றி ஒரு கூட்டமும் இருக்கிறது, அந்தக் கூட்டத்துக்கு உயிர்ப்பலி வேண்டும். நிஜத்தில் அதே 1692இல் மாசசூசெட்ஸின் சேலம் (Salem, நம்ம ஊர் சேலம் இல்லை) ஊரில் நடந்த சூனிய வழக்குகளில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட 19 பேரையும் தூக்கில்தான் போட்டார்கள், யாரையும் எரிக்கவில்லை. படத்துக்கு நெருப்பு தேவைப்பட்டிருக்கிறது.

இரண்டாம் இரவு முழு நீளப் பிரிட்டிஷ் பிரதி, சுத்தம் செய்த பிரிண்ட். அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. அமெரிக்கப் பிரதியில் தொடக்கத்திலிருந்து சுமார் இரண்டு நிமிடத்தை வெட்டியிருக்கிறார்கள், எலிசபெத் தீயில் நின்றுகொண்டு சாத்தானோடு உடன்படிக்கை செய்யும் வார்த்தைகள் அதில் போய்விட்டன. அது இல்லாமல் பார்த்தால் ஏதோ பேய் வந்து பழிவாங்குகிற கதை மாதிரி இருக்கிறது. இருந்தால், இவர்கள் ஓர் ஒப்பந்தத்துக்காகக் கணக்குத் தவறாமல் பலி கொடுக்கும் மனிதர்கள் என்பது தெரிகிறது, எனக்கு அதுதான் அதிகம் பயமாக இருந்தது. இந்தப் படத்தை யாராவது பார்ப்பதாக இருந்தால் தயவுசெய்து முழுப் பிரதியைத் தேடிப் பாருங்கள்.

பலி காட்சியில் கத்தி ஓங்கியதும் சட்டென்று வெட்டி, அடுத்த ஷாட்டில் விருந்து வீட்டில் கேக்கின் மேல் கத்தி இறங்குகிறது. சொட்டு ரத்தம் காட்டவில்லை. அந்த ஒரு வெட்டை மட்டும் ஆறேழு தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் வயிற்றைப் பிசைந்தது.

சரி, மூடுபனிக்கு வருகிறேன். வைட்வுட் தெருவும் கல்லறையும் இங்கிலாந்தில் ஷெப்பர்ட்டன் ஸ்டுடியோவுக்குள் போட்ட செட். கையில் காசு குறைவு, செட்டும் சின்னது, அதன் ஓரங்களை எல்லாம் புகை மூடிவிடுகிறது. ஒளிப்பதிவாளர் டெஸ்மண்ட் டிக்கின்சன் 1948இல் லாரன்ஸ் ஒலிவியேவின் ‘ஹேம்லட்’ படம் பிடித்தவர், கோட்டைச் சுவரைப் பனிக்குள் நிறுத்திப் பழகிய கை. இங்கே ஊர்க்காரர்கள் அந்தப் பனிக்குள் அசையாமல் நின்று நேனைப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான், அதற்கே முதுகு சில்லிட்டது.

மூன்றாம் நாள் அட்டைப்பெட்டியை வெட்டி இரண்டு கூரை முகப்பு செய்து தரையில் நிறுத்தினேன். முதலில் சாம்பிராணி. “சாமிக்குப் போடுறதை இங்க எதுக்குடா போடுற?” என்று அம்மா கேட்டுவிட்டு, அப்புறம் தானே தூபக்காலில் தணல் எடுத்துக் கொடுத்தார். புகை நன்றாக வந்தது, ஆனால் சூடு என்பதால் நேராக மேலே போய் விட்டத்தில் தங்கிவிட்டது, தரையில் ஒன்றும் இல்லை. படத்தில் பனி கணுக்காலைச் சுற்றிப் படுத்துக் கிடக்கும், அது வர வேண்டுமென்றால் புகை குளிர்ச்சியாக இருக்க வேண்டும். அலங்கார நீரூற்றில் போடுகிற, தண்ணீரை அதிரவைத்து நீர்ப்புகை எழுப்பும் குட்டிக் கருவி ஒன்றை 400 ரூபாய்க்கு வாங்கி வந்து தாம்பாளத் தண்ணீரில் போட்டேன். ஃபேனை அணைத்து ஜன்னலைச் சாத்தியதும், விளிம்பு தாண்டி வழிந்து, பால் பொங்கி அடுப்புமேடையில் ஓடுகிற மாதிரி தரையோடு பரவியது.

வெளிச்சத்தில்தான் அரை மணி நேரம் போனது. டார்ச்சை முன்னாலிருந்து அடித்தால் எல்லாம் வெள்ளைத் துணி போட்டு மூடியது போல ஆகிவிடுகிறது. அட்டை வீட்டுக்குப் பின்னால் தரையோடு தரையாக வைத்து, கேமராவைப் பார்த்து அடிக்கச் சொன்னேன். அம்மாதான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டார். கூரை கறுப்பாக எழுந்து நின்றது, பனிக்கு ஓரம் கிடைத்தது. பதினொரு வினாடி ஷாட் தேறியிருக்கிறது, அதில் நான்காவது வினாடியில் இரண்டு வீட்டுக்கும் நடுவே பனி விலகி மறுபடியும் சேருகிறது, யாரோ இப்போதுதான் கடந்து போன மாதிரி.

அடுத்து முயலப் போவது படத்தின் முடிவில் வரும் சிலுவையின் நிழல். அதற்கு டார்ச் போதாது, பழைய டேபிள் லாம்ப் பரணில் இருக்கிறது.