ஆளைக் காணாமலே மருந்து சொன்ன டொக்டர்மார்

இப்ப வன்னியில ஆருக்கும் வருத்தம் எண்டா கிளினிக் கொப்பிய போட்டோ எடுத்து வெளிநாட்டில இருக்கிற சொந்தக்கார டொக்டருக்கு வைபர்ல அனுப்பிறது சாதாரணம், ஆனா 18ஆம் நூற்றாண்டிலயே ஐரோப்பாவில சனம் இதைத் தபாலில செய்திருக்கு. ஸ்கொட்லாந்தில எடின்பரோ நகரத்தில வில்லியம் கலன் (1710-1790) எண்டு பேர்போன டொக்டர், அவருக்கு நோயாளியோ வீட்டுக்காரரோ ஊர் டொக்டரோ கடிதம் போடுவினம், அவர் ஆளைக் காணாமலே என்ன சாப்பிடவேணும், என்ன மருந்து குடிக்கவேணும் எண்டு பதில் எழுதுவார்.

அந்தப் பதில்களுக்கு அவர் பிரதியும் வச்சிருந்தவர். முதல்ல ஆள் வச்சுக் கையால எழுதுவிச்சது, 1781இல இருந்து ஜேம்ஸ் வாட் கண்டுபிடிச்ச கொப்பி மெசின். ஈரமான மெல்லிசுத் தாளை கடிதத்துக்கு மேல வச்சு அழுத்தினா மை அதில ஊறும், எழுத்து கண்ணாடியில தெரியிறமாதிரி இடம் வலம் மாறிப் பதிஞ்சாலும் தாள் மெல்லிசெண்டபடியா மற்றப் பக்கத்தால பாத்து வாசிக்கலாம். என்ன மூளை பாருங்கோ! அதாலதான் ஆயிரக்கணக்கான கடிதங்கள் இண்டைக்கும் இருக்கு.

சுவிசில லொசான் நகரத்து டொக்டர் தீசோவுக்கும் இப்பிடிக் கடிதம் குவிஞ்சது. 1761இல வந்த தன்ர புத்தகத்தில, டொக்டரிட்டக் கேக்கிற ஆள் என்னென்ன கேள்விக்குப் பதில் சொல்லவேணும் எண்டே எழுதிவச்சவர்.

ஸ்டெதஸ்கோப்பே 1816இலதான் வந்தது, அதுக்கு முந்தி நோயாளி சொல்லுற கதைதான் டொக்டருக்குப் பெரிய ஆதாரம். எனக்கு இதுதான் மனசில நிக்குது, எங்கட சனம் விடியவே வந்து லைன்ல நிண்டு, உள்ள போய் ரெண்டு வசனம் சொல்ல முதல் மருந்துத் துண்டு கைக்கு வந்திடுது. வீட்டில வயசான ஆக்கள் இருந்தா எப்ப தொடங்கினது, எங்க நோகுது, என்ன மருந்து குடிக்கினம் எண்டு ஒரு தாளில எழுதிக் குடுத்து விடுங்கோ.