என் பெட்டி எங்கே? – விளக்கப்பட மென்பொருள் தேடிய நாட்கள்

2025 ஜூலை 7, திங்கள்

மூன்றாம் வகுப்புக்கு விளக்கப்படம் கற்பிக்க ஏற்ற மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. கணினியைத் திறக்கும் முன், ஆளுக்கொரு காலித் தீப்பெட்டியைக் கொடுத்து, தமக்குப் பிடித்த பழத்தின் பெயருக்கு மேல் அடுக்கச் சொன்னேன். மாம்பழம் 17, கொய்யா 12, வாழைப்பழம் 9 என 38 பெட்டிகளும் அடுக்கப்பட்டன. பப்பாளியின் இடம் காலியாகவே இருந்தது. அடுக்கின் உயரத்தைவிட, "என் பெட்டி கீழேர்ந்து மூணாவது" என்பதில்தான் ஒவ்வொருவருக்கும் அக்கறை.

ஜூலை 9, புதன்

முதல் மென்பொருளில் எண்களை இட்டவுடன் வண்ணப் பட்டைகள் எழுந்தன, பிள்ளைகள் கைதட்டினார்கள். பிறகு ஒரு சிறுமி, "இதுல என் பெட்டி எங்க டீச்சர்?" என்று கேட்டாள். என்னால் காட்ட முடியவில்லை. எவரும் தேர்ந்தெடுக்காத பப்பாளியை அம்மென்பொருள் படத்திலிருந்தே நீக்கியிருந்தது. இன்னொரு பொத்தானை அழுத்தினால் மாம்பழத்தையும் கொய்யாவையும் கோட்டால் இணைத்தது. அவ்விரண்டுக்கும் நடுவே எந்தப் பழமும் இல்லாதபோது அந்தக் கோடு எதைக் குறிக்கும்?

ஜூலை 14, திங்கள்

இன்று ஓர் அட்டவணைச் செயலியில் சென்ற வார வருகைப்பதிவை இட்டோம்: 38, 36, 35, 37, 38. எண்களைக் காட்டும் செங்குத்து அச்சைச் செயலி தானாகவே 33இல் தொடங்கியதால், 35 பேர் வந்த புதன்கிழமையின் பட்டை, அனைவரும் வந்த வெள்ளிக்கிழமையின் பட்டையில் பாதிகூட இல்லை. "புதன்கிழமை பாதிப் பேர் வரலையா?" என்று ஒருவன் திகைத்தான். அவன் படத்தைச் சரியாகவே வாசித்தான். படம்தான் அவனுக்குத் தவறாகச் சொன்னது. அச்சைப் பூச்சியத்திலிருந்து தொடங்கும்படி நான் மாற்றியதும் ஐந்து பட்டைகளும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வந்தன. அந்த மாற்றத்துக்கான இடத்தை நானே நெடுநேரம் தேட வேண்டியிருந்தது. பட்டையின் நீளமே எண்ணிக்கை என்று இப்போதுதான் கற்கத் தொடங்கியிருக்கும் பிள்ளையிடம், பூச்சியத்தில் தொடங்காத பட்டையைக் காட்டும் எந்த மென்பொருளையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஜூலை 17, வியாழன்

பட விளக்கப்படம். ஒரு படம் இரண்டு பேரைக் குறிக்கும் என்று வைத்தால் 17க்கு எட்டரை மாம்பழம் வேண்டும். அந்த அரைப் பழத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினோம், அது வீணாகவில்லை. நான் பார்த்த ஒரு மென்பொருளோ படங்களின் எண்ணிக்கையைக் கூட்டாமல் ஒரே படத்தைப் பெரிதாக்குகிறது. உயரம் இரு மடங்காகும்போது அகலமும் இரு மடங்காவதால் பரப்பு நான்கு மடங்காகிவிடுகிறது.

ஜூலை 22, செவ்வாய்

கட்டணமின்றி உலாவியிலேயே இயங்கும் கோடாப் (CODAP) என்ற தரவுக் கருவியை இன்று பார்த்தேன். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு புள்ளி. முதலில் சிதறிக் கிடக்கும் புள்ளிகள், பழம் என்ற தலைப்பை அச்சுக்கு இழுத்துவந்ததும் பிரிந்து தத்தம் அடுக்குகளில் சேர்கின்றன. ஒரு புள்ளியைத் தொட்டால் அட்டவணையில் அதற்குரிய வரிசை ஒளிர்கிறது. அந்தச் சிறுமியை அழைத்துக் காட்டினேன். தன் புள்ளியைக் கண்டுபிடித்த பிறகுதான் நகர்ந்தாள். பின்னர் புள்ளிகளை ஒன்றுசேர்த்துப் பட்டையாக்கியபோது, அது எதனால் ஆனது என்று எவரும் கேட்கவில்லை. இக்கருவி பெரிய வகுப்பினரை மனத்தில் கொண்டு உருவானது என்பதால், மூன்றாம் வகுப்பில் ஆசிரியரே இயக்கிக் காட்டுவது நல்லது.

ஜூலை 25, வெள்ளி

தரவை வாசித்தல், தரவுகளுக்கிடையே வாசித்தல், தரவுக்கு அப்பால் வாசித்தல் எனக் கணிதக் கல்வி ஆய்வாளர் ஃபிரான்சஸ் கர்சியோ 1987இல் வகுத்த மூன்று நிலைகளிலும் இன்று கேள்விகள் கேட்டேன். கொய்யா எத்தனை என்பதற்கு எல்லோரும் விடை சொன்னார்கள். வாழையைவிட மாம்பழம் எத்தனை அதிகம் என்பதற்குப் பலர் 17 என்றே சொன்னார்கள். ஆனால் இரண்டு அடுக்குகளையும் பக்கத்தில் நிறுத்தியதும் மிஞ்சிய எட்டுப் பெட்டிகளை விரலால் தொட்டு எண்ணினார்கள். நாளை புதிதாக ஒருவர் சேர்ந்தால் எந்தப் பழத்தைச் சொல்வார் என்று கேட்டதற்கு, "மாம்பழமா இருக்கலாம், ஆனா பப்பாளிகூடச் சொல்லலாம்ல?" என்றான் கடைசி வரிசையில் இருந்தவன்.

அறிக்கையில் முதல் பரிந்துரையாக 38 தீப்பெட்டிகளை எழுதியிருக்கிறேன். கோடாப் இரண்டாவது.