எலும்பிடம் கற்ற நாற்காலி

இலை வடிவில் ஒரு மேசை, பூ வடிவில் ஒரு விளக்கு. இவற்றை இயற்கையிலிருந்து பிறந்த வடிவமைப்பு என்று சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தோற்றத்தை நகலெடுப்பது எளிது. அந்த வடிவம் ஏன் அப்படி அமைந்தது என்று கேட்கிறவர்களைத்தான் எனக்குப் பிடிக்கும்.

நெதர்லாந்தின் யோரிஸ் லார்மன் 2006இல் உருவாக்கிய எலும்பு நாற்காலியைப் பாருங்கள். மெருகேற்றிய அலுமினிய வார்ப்பு. நம் உடலில் பாரம் விழும் இடத்தில் எலும்பு தடிக்கிறது. வேலையில்லாத இடத்தில் மெலிகிறது. (மரமும் தேவையான இடத்தில் தடிக்கும், ஆனால் சேர்த்ததைத் திரும்பக் குறைத்துக்கொள்ள அதற்கு வழியில்லை.) இந்த வளர்ச்சி விதியைக் கணினி நிரலாக்கி, கார் பாகங்களின் எடையைக் குறைக்கப் பயன்படுத்தி வந்தார்கள். லார்மன் அதையே நாற்காலிக்குக் கொண்டுவந்தார். கால் எங்கே கிளைக்க வேண்டும், எங்கே வெற்றிடம் இருக்கலாம் என்பதையெல்லாம் உட்காருபவரின் பாரமே தீர்மானித்தது. ஒட்டவைத்த அலங்காரம் ஒன்றுகூட இல்லை, ஆனாலும் எவ்வளவு அழகு!

பிரான்ஸின் பூருலெக் சகோதரர்கள் 2008இல் கொண்டுவந்த 'வெஜிடல்' நாற்காலியில் பிளாஸ்டிக் கிளைகள் பின்னிப் பிணைந்து இருக்கையாகின்றன. அதுவும் பிடிக்கும், ஆனால் எலும்பு நாற்காலி அளவுக்கு இல்லை.

இங்கிலாந்தின் கேவின் மன்ரோ நாற்காலியை நிலத்திலேயே வளர்க்கிறார். வில்லோ மரத்தின் இளங்கிளைகளை வளைத்து, ஒட்டுக்கட்டி, பல ஆண்டுகள் காத்திருந்து அறுவடை செய்கிறார். காலும் முதுகும் ஒரே மரம். இப்படிப்பட்ட படைப்புகள் உங்கள் கண்ணில் பட்டிருந்தால் படத்துடன் பகிருங்கள், ஆவலோடு பார்ப்பேன்.